கண்ணாடிக்குள் ஒரு மூடுபனி

வட இந்தியக் குளிர்காலத்தில் மூடுபனி இரண்டு வகை. ஒன்று வானிலைத் துறை முன்கூட்டியே அறிவிப்பது. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாவதும் விமான நிலையத்தில் பயணிகள் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தூங்குவதும் அதன் கைங்கரியம். மற்றது எந்த அறிவிப்பிலும் வராது. காருக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் தாங்களே மூச்சுவிட்டு, தங்கள் முன்கண்ணாடியில் தாங்களே உண்டாக்கிக்கொள்வது. ஜனவரி அதிகாலையில் தில்லியிலிருந்து ஆக்ராவுக்கு வண்டி ஓட்டுகிறவருக்குச் சில சமயம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. வெளியே பனி அடர்ந்துவிட்டது என்று நினைத்து ஹை பீம் போடுகிறார். அது வெளியே இருக்கும் கொஞ்சநஞ்சப் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைக்கிறது. எதிரே வரும் லாரியின் விளக்கு, கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் நீர்த்துளிகளில் சிதறி ஒரு வெள்ளைத் திரையாகிறது. அப்போதுதான் விஷயம் புரிந்து, கதவின் பையில் இருக்கும் மஞ்சள் துணியைத் தேடுகிறார்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் போய்விடும். துணியைத் தேடி எடுத்து ஒரு துடைப்புத் துடைக்க மூன்று விநாடி என்று வைத்துக்கொண்டாலும் 66 மீட்டர். அத்தனை தூரமும் கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். மோட்டார் வாகன விதிகள் முன்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும் என்கின்றன. 2012ல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பளித்த பிறகு சாலையோரத்தில் நிறுத்தி ஃபிலிமைக் கிழித்தெறிந்த போலீஸ்காரர்கள் உண்டு. மூச்சுக் காற்று ஒட்டிய ஃபிலிமுக்கு அபராதம் போட்டவர் யாரும் இல்லை.

கண்ணாடி எப்போதாவது ஒரு முறை மூடிக்கொண்டால் துடைத்துவிட்டுப் போகலாம். தினமும் மூடிக்கொண்டால் அது காய்ச்சல் மாதிரி. காரணம் பத்து இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை சரிப்படாது. முதல் பரிசோதனைக்குச் செலவு ஏதும் இல்லை. ஒரு விரலால் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே. விழாவிட்டால் வைப்பரை ஒரு சுற்று விடுங்கள். அது துடைத்துவிட்டால் ஈரம் வெளியே. இரண்டுக்கும் அசையாமல் ஓரங்களில் பால் படிந்ததுபோல இருந்தால் அது ஈரமே அல்ல. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏட்டை வைத்து அழுத்திச் செய்தது. வயதானால் அந்த ஏடு ஓரத்தில் பிரிந்து வெளுத்துப் போகும். அதற்குத் துணியும் உதவாது, மருந்தும் உதவாது. கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும்.

வெளிப்பக்கம் வேர்ப்பது சென்னைக்காரர்களுக்கும் மும்பைக்காரர்களுக்கும் கொல்கத்தாக்காரர்களுக்கும் பழக்கமானது. புழுக்கமான இரவில் ஏ.சி.யை முழுவேகத்தில் வைத்து, குளிர்க்காற்றைக் கண்ணாடியை நோக்கித் திருப்பிவிட்டால் கண்ணாடி சில்லிட்டுப் போகிறது. வெளியே இருக்கும் ஈரக்காற்று அதைத் தொட்டதும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய தம்ளருக்கு வெளியே வேர்க்கிறதே, அதேபோல வேர்க்கிறது. கீழ்விளிம்பில், டேஷ்போர்டுக்கு நேர் மேலே, குளிர்க்காற்று வந்து மோதும் இடத்தில் ஆரம்பிக்கும். வைத்தியம் எளிது. வைப்பரை ஓட்டிவிட்டு, குளிர்ச்சியை இரண்டு மூன்று டிகிரி குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்குத் திருப்பினால் போதும்.

இந்த வைத்தியத்தைக் கற்றுக்கொண்டவர் மாற்றலாகித் தில்லிக்கு வருவதில்தான் வில்லங்கம். சென்னையில் கண்ணாடி மூடிக்கொண்டால் அவர் செய்தது ஏ.சி.யைக் குறைப்பது அல்லது அணைப்பது. தில்லியில் டிசம்பரிலும் அதையே செய்கிறார். குளிர்காலத்தில் ஏ.சி. எதற்கு என்ற நியாயமான சந்தேகம் வேறு. இங்கே ஈரம் உள்பக்கம். வைத்தியம் அப்படியே தலைகீழ். அவர் குறைக்கக் குறைக்கக் கண்ணாடி மேலும் மூடிக்கொள்கிறது. வண்டியில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கிடம் போகிறார். மெக்கானிக்கும் ஏமாற்றுவதில்லை. "கேஸ் குறைஞ்சிருக்கும், போட்டுப் பார்க்கலாம்" என்கிறார். ஏ.சி. சம்பந்தமான எந்தப் புகாருக்கும் நம் ஊர் ஒர்க் ஷாப்புகளின் முதல் மருந்து அதுதான்.

உள்ளே இருக்கும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். ஒரு மனிதனின் மூச்சிலும் தோலிலுமாக, வியர்வை தெரியாமலே, ஒரு நாளில் சுமார் 800 மில்லி தண்ணீர் ஆவியாகிப் போகிறது. அதாவது மணிக்கு 33 கிராம். ஒரு சாதாரணக் காரின் உள்ளே இருக்கும் காற்று சுமார் 3 கன மீட்டர். 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 9.4 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக, மொத்தக் காருக்கும் கொள்ளளவு 28 கிராம். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் இறுக மூடிக்கொண்டால் பத்து நிமிடத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். பதினோராவது நிமிடத்திலிருந்து அவர்கள் விடும் ஈரத்துக்குப் போக்கிடம் எது? காரின் உள்ளே மிகவும் குளிர்ந்திருக்கும் பரப்பு கண்ணாடி. அதற்கு வெளியே 8 டிகிரிக் காற்று வேகமாக வீசிக்கொண்டிருக்கிறது. (உண்மையில் பத்து நிமிடம்கூட ஆகாது. வண்டியில் ஏறும்போதே காற்றில் பாதி ஈரம் இருக்கும். ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தால் இன்னும் சீக்கிரம்.)

இந்த ஈரம் வெளியே போக வழி வேண்டும். அந்த வழியை அடைப்பது ஒரு பொத்தான். காருக்குள் அம்பு ஒன்று வளைந்து சுற்றிவருவதுபோலப் படம் போட்ட பொத்தான். பழைய சிறிய கார்களில் இடமும் வலமும் தள்ளும் நெம்புகோல். அதை அழுத்தினால் வெளிக்காற்று நின்று, உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். மே மாதத்தில் காரைச் சீக்கிரம் குளிரவைக்க உன்னதமான வசதி. பலர் வண்டி வாங்கிய நாளில் அதை அழுத்தியதோடு சரி. திரும்ப எடுத்ததே இல்லை. முன்கண்ணாடி மூடிக்கொள்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு பொத்தானோடு முடிந்துவிடும்.

தில்லிவாசிகள் அதை அழுத்தியே வைத்திருப்பதற்கு வலுவான காரணம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். காற்றுத் தரக் குறியீடு 2015ல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து நவம்பர், டிசம்பர் மாதங்களில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். எண் 400ஐத் தாண்டியிருக்கும் நாளில், பின்சீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு, வெளிக்காற்றைத் திறந்துவிடு என்று யாருக்கும் சுலபமாகச் சொல்ல முடியாது. பார்வையா, நுரையீரலா என்ற நிலைமை. இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி ஏ.சி.யை ஓடவிடுவது. மூடிய காற்றையே சுற்றவிட்டாலும் ஏ.சி. ஓடினால் அது ஈரத்தைப் பிழிந்துவிடும். இடையிடையே, போக்குவரத்து குறைந்த இடத்தில், இரண்டு நிமிடம் வெளிக்காற்றைத் திறந்து மூடலாம். காற்று வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால் தூசியில் ஒரு பகுதி அதிலேயே நின்றுவிடும்.

இன்னொரு சந்தேகமும் எழும். வெளியே மூடுபனி, காற்றில் ஈரப்பதம் 100 சதவீதம். அதை உள்ளே விட்டால் ஈரம் கூடத்தானே செய்யும்? கூடாது. 8 டிகிரியில் 100 சதவீதம் என்பது கன மீட்டருக்கு 8 கிராம் சொச்சம்தான். அதே காற்று ஹீட்டர் வழியாக வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் கொள்ளளவு 17 கிராமுக்கு மேல் ஆகிவிடுகிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கீழே. குளிர்காலத்து வெளிக்காற்று எவ்வளவு ஈரமாகத் தெரிந்தாலும் சூடாக்கியதும் அது காய்ந்த துண்டு மாதிரி உறிஞ்சத் தயாராகிவிடுகிறது.

இனி, குளிர்காலத்தில் ஏ.சி. எதற்கு என்ற கேள்வி. ஏ.சி.க்கு வேலை இரண்டு. குளிரவைப்பது ஒன்று, உலர்த்துவது மற்றொன்று. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே இருக்கும். அதன் வழியே போகும் காற்று தன் ஈரத்தை அங்கேயே உதிர்த்துவிடுகிறது. கோடையில் நிறுத்திய காரின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறதே, அந்தத் தண்ணீர்தான். உலர்ந்த காற்றை அடுத்து ஹீட்டர் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. ஏ.சி.யும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடுவது முரண்பாடாகத் தோன்றலாம். அப்படி ஓட்டத்தான் அவற்றை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். பல கார்களில் முன்கண்ணாடிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் ஏ.சி. தானாகவே ஓட ஆரம்பித்து, வெளிக்காற்றும் திறந்துகொள்ளும். எஞ்சின் சூடேறச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், கிளம்பிய புதிதில் கண்ணாடியைக் காப்பாற்றுவது ஏ.சி. ஒன்றுதான்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியசாலிகள் கண்ணாடி தெளிந்ததும் ஏ.சி.யை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் ஓடவிடுவார்கள். அரை நிமிடத்தில், முன்பைவிட மோசமாக, முழுக் கண்ணாடியும் ஒரேயடியாக வெளுத்துப்போகும். கூலிங் காயிலில் அதுவரை சேர்ந்திருந்த தண்ணீர் ஆவியாகி, ப்ளோயர் வழியாக நேராகக் கண்ணாடிக்கு வருவதால் நேர்வது அது. தெளிந்த பிறகும் ஏ.சி. ஓடட்டும். மிச்சப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், காற்றைக் காலடிக்குத் திருப்பிவிட்டு, வெளிக்காற்றைத் திறந்த பிறகு அணைக்கலாம்.

மலையில் இந்த வித்தைக்கும் எல்லை உண்டு. வெளியே பூஜ்யத்தை நெருங்கும்போது, கூலிங் காயில் உறைந்துவிடாமல் இருக்க ஏ.சி.யின் கம்ப்ரஸர் தானாகவே நின்றுவிடும். பொத்தானில் விளக்கு எரியும், வேலை நடக்காது. மணாலியிலோ லேயிலோ விடியற்காலையில் ஹீட்டரையும் வெளிக்காற்றையும்தான் நம்ப வேண்டும். கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகவே இருக்கும் நாட்களில் வெந்நீரை ஊற்ற நினைக்காதீர்கள். சிறு கல் பட்ட தழும்பு ஒன்று இருந்தாலும் போதும், அதிலிருந்து விரிசல் ஓடிவிடும். குளிரில் விறைத்த கண்ணாடியோடு நீண்ட சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது, உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டு வெளிப்பக்கம் ஒரு நொடியில் மூடிக்கொள்வதும் உண்டு. 2020ல் திறக்கப்பட்ட 9 கி.மீ. அடல் சுரங்கம் போன்ற பாதைகளில் நுழையும் முன்பே வைப்பரில் ஒரு கையை வைத்திருப்பது நல்லது. மின்சார கார் வைத்திருப்பவர்களின் சங்கடம் தனி. மற்ற கார்களில் ஹீட்டரின் சூடு எஞ்சினின் உபரி, அதற்குச் செலவில்லை. மின்சார காரில் அந்தச் சூடும் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். ஓடும் தூரம் குறையுமே என்று அதை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் கண்ணாடி மூடிக்கொண்டால்தான் ஒர்க் ஷாப்புக்கு வேலை. அங்கே போவதற்கு முன்பு ஒரு இரவைச் செலவிட வேண்டும். காரை உலர்ந்த இடத்தில் நிறுத்தி, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிப் பூட்டிவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் கதவைத் திறக்கும் முன் உள்பக்கம் பாருங்கள். யாருமே உட்காராத காருக்குள் கண்ணாடி வேர்த்திருந்தால், குற்றவாளி உங்கள் மூச்சுக்காற்று அல்ல. காருக்குள் எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறது. வேர்க்காமல் இருந்து, நீங்கள் ஏறிய பிறகு மட்டும் மூடிக்கொண்டால் தண்ணீரைத் தேட வேண்டாம். காற்று ஓட்டத்தில் குறை.

காற்று ஓட்டத்தைச் சோதிக்க ஒரு டிஷ்யூ தாள் போதும். காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, ப்ளோயரை முழுவேகத்தில் வைத்து, டேஷ்போர்டின் விளிம்புத் துவாரத்தில் தாளைப் பிடியுங்கள். அது படபடக்காமல் சோம்பலாக ஆடினால் முதல் சந்தேகம் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் காற்று வடிகட்டி. வடநாட்டுத் தூசிக்கு அது ஒரு வருடம் தாங்கினாலே பெரிது. சில வண்டிகளில் வடிகட்டியை எடுத்தால் அரச இலைச் சருகும் எலி கடித்த பஞ்சும் சேர்ந்தே வரும். வடிகட்டி சுத்தமாக இருந்தால், அடுத்தது அந்தச் சுழற்சிப் பொத்தானின் மறுமுனை. பொத்தானில் விளக்கு மாறும். உள்ளே இருக்கும் மடல் அசையாமல் சிக்கிக்கொண்டிருக்கும். அழுத்தும்போது ப்ளோயரின் ஓசை மாற வேண்டும். உள்காற்று சுற்றும்போது இரைச்சல் அதிகம், வெளிக்காற்று வரும்போது குறைவு. மாறாவிட்டால் மடலை இயக்கும் சிறு மோட்டாரோ கம்பியோ போய்விட்டது.

காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வேண்டும். இது மெக்கானிக்குகளே மறந்துபோகிற விஷயம். காரின் பின்பகுதியில், பெரும்பாலும் பின் பம்பருக்குள் மறைவாக, ஒருவழி ரப்பர் மடல்களோடு துவாரங்கள் இருக்கின்றன. டிக்கி நிறையப் பெட்டிகளை அடைத்தாலோ, விபத்துக்குப் பிறகு டிங்கரிங் செய்தவர் சீலன்ட்டைத் தாராளமாகப் பூசிவிட்டாலோ அந்த வழி அடைபட்டுப் போகும். ப்ளோயர் முழுவேகத்தில் ஓடும்போது பின்கண்ணாடி ஒன்றை இரண்டு விரற்கடை இறக்கிப் பாருங்கள். டிஷ்யூ தாள் திடீரென்று உற்சாகமாகப் படபடத்தால் அடைப்பு பின்னால்தான்.

தண்ணீர் தேங்கியிருக்கும் வண்டியின் கதை நீண்டது. முன்சீட்டுகளின் காலடி மிதியடியை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் கார்ப்பெட்டின்மேல் செய்தித்தாளை வைத்து, செருப்புக் காலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு பல லிட்டர் தண்ணீரைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கும். செய்தித்தாள் நனைந்தால் வழி எது என்று தேட வேண்டும். நம் நாட்டில் மிகச் சாதாரணமான வழி ஏ.சி.யின் வடிகால் குழாய். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்தக் குழாயைத் தூசியும் பாசியும் அடைத்துவிட்டால், காருக்குக் கீழே சொட்ட வேண்டிய தண்ணீர் டேஷ்போர்டுக்குள் நிரம்பி, முன்பக்கக் கார்ப்பெட்டில் வழியும். மழைக்காலத்தில் ஏ.சி. ஓடும்போது அடியில் சொட்டுவது நின்றுபோயிருந்தால் இதுதான் விஷயம். அடியிலிருந்து காற்றழுத்தத்தில் ஊதினால் சில நிமிட வேலை. கம்பியை விட்டுக் குத்துகிறவர்களைத் தள்ளியே வையுங்கள். கூலிங் காயில் ஓட்டையானால் சில நிமிட வேலை பல ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும்.

கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாள் இன்னொரு வழி. மழைநீர் கண்ணாடியோடு சேர்ந்து கதவுக்குள் இறங்கி அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறுவது இயல்பு. அது உள்பக்கம் வராமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருப்பார்கள். புது ஸ்பீக்கர் பொருத்துகிறவர் அதைக் கிழித்து எறிந்துவிட்டு, கதவின் மேல்பலகையை மட்டும் அழகாக மாட்டிக் கொடுத்துவிடுவார். பாட்டு நன்றாகக் கேட்கும். அடுத்த ஆடியில் கார்ப்பெட் நனையும். வைப்பருக்கு அடியில் இருக்கும் தொட்டி போன்ற பகுதியில் வேப்பிலையும் குல்மொஹர் இலையும் மக்கி வடிகால் அடைபடுவதும் உண்டு. மரத்தடியில் நிறுத்தும் எல்லா வண்டிகளுக்கும் இது பொது. கூரையில் கண்ணாடி வைத்த கார்களில் நான்கு மூலைகளிலும் மெல்லிய வடிகால் குழாய்கள் இறங்குகின்றன. இன்ஷூரன்ஸில் முன்கண்ணாடி மாற்றிய பிறகு ஆரம்பித்த தொல்லையானால் சந்தேகமே வேண்டாம், ஒட்டுப் பசையில் இடைவெளி. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே குழாயில் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாகப் பாய்ச்சினால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றிலும் மோசமானது ஹீட்டர் கோர் என்னும் குட்டி ரேடியேட்டர். எஞ்சினைச் சுற்றிவரும் சூடான கூலன்ட், டேஷ்போர்டுக்குள் இருக்கும் இதன் வழியே ஓடித்தான் காரைச் சூடாக்குகிறது. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் கூலன்ட் ஆவி நேராகக் கண்ணாடிக்கு வரும். அடையாளங்கள் மாறாதவை. ஹீட்டர் போட்டதும் மூடிக்கொள்ளும். துடைத்தால் போகாமல் எண்ணெய் தடவியதுபோல இழுவும். வெள்ளைத் தாளில் பிசுபிசுப்பு ஒட்டும். காருக்குள் ஒருவிதத் தித்திப்பு வாசனை. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவின் கோட்டைக் கவனித்து வந்தால் வாரத்துக்கு வாரம் இறங்குவது தெரியும். (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது என்பது தெரிந்ததுதான், தெரிந்தவர்கள்தான் சுட்டுக்கொள்கிறார்கள்.) கூலன்ட்டில் இருக்கும் க்ளைகால் விஷம். தித்திப்பாக இருப்பதால் நாயும் குழந்தையும் நக்கிவிடக்கூடும். பல கார்களில் முழு டேஷ்போர்டையும் கழற்றினால்தான் ஹீட்டர் கோருக்குக் கை போகும். பொருளின் விலையைவிடக் கூலி அதிகம். அதனால் சில மெக்கானிக்குகள் இரண்டு குழாய்களையும் நேராக இணைத்து ஹீட்டரையே ஒதுக்கிவிடுவார்கள். நாகபுரிக்குத் தெற்கே இருப்பவருக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. சண்டிகரிலோ ஸ்ரீநகரிலோ இருப்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளக்கூடாது.

கைவைத்தியங்களைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். 2014ல் உற்பத்தி நின்ற அம்பாசடரில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்கு அதன் முன்கதவுகளில் இருந்த முக்கோணக் கண்ணாடியும் ஒரு காரணம். அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் மழை உள்ளே வராமல் காற்று மட்டும் வரும். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். லாரி டிரைவர்கள் பீடித்தூளை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பது, சிலர் ஷாம்பூவையோ ஷேவிங் க்ரீமையோ தடவித் துடைப்பது, இவற்றின் பின்னே இருக்கும் தத்துவம் ஒன்றே. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய ஏடாகப் பரவினால் ஊடே பார்க்க முடியும். சோப்புச் சரக்கு அதைச் செய்கிறது. ஆனால் ஈரம் போய்விடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. இரண்டொரு நாளில் தீர்ந்துபோகும். கொஞ்சம் கூடினால் இரவில் எதிர்விளக்கு பட்டுக் கூசும். சிலிக்கா ஜெல் பை தொங்கவிடுவது மனத் திருப்திக்கு. 100 கிராம் சிலிக்கா அதிகபட்சம் 30, 40 கிராம் ஈரத்தை வாங்கும். ஒரு ஆள் ஒரு மணி நேரம் விடும் மூச்சோடு சரி. இவற்றைவிடப் பயனுள்ளது, கண்ணாடியின் உள்பக்கத்தை மாதம் ஒரு முறை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்துப் பழைய செய்தித்தாளால் தேய்ப்பது. வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவியும் சிகரெட் புகையும் பாலிஷும் அங்கே படிகின்றன. அழுக்குக் கண்ணாடியில் நீர்த்துளி சீக்கிரம் பிடிக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனைகள் வேறு வகையில் உதவும். 2005 ஜூலை 26ல் மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், முழு இழப்பு என்று இன்ஷூரன்ஸ் கணக்குத் தீர்ந்த வண்டிகள் ஏலத்துக்குப் போகின்றன. அவற்றில் சில கழுவி, பாலிஷ் போட்டு, வாசனை திரவியம் தெளித்து, வெள்ளம் வராத வேறு மாநிலத்தில் விற்பனைக்கு வந்து நிற்கும். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம். கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறிய ஸ்பாஞ்சை, சீட்டுகளைக் கழற்றி எடுத்து நாள்கணக்கில் வெயிலில் போட்டால் தவிர உலர்த்த முடியாது. அந்தச் செலவை விற்கிறவர் செய்வதில்லை. ஆகவே பேரம் பேசும் முன், வண்டியை ஒரு இரவு மூடி வைத்துக் காலையில் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்குச் சம்மதிக்காவிட்டால், பத்து நிமிடம் ஹீட்டரை முழுச் சூட்டில், உள்காற்றே சுற்றும்படி விட்டுப் பாருங்கள். கார்ப்பெட்டில் இருக்கும் ஈரம் கிளம்பிக் கண்ணாடிக்கு வரும், கூடவே குளத்து வாடையும். அதற்கும் சம்மதிக்காவிட்டால் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுங்கள். கழுவுகிறவர்கள் யாரும் அதன் கடைசி ஒரு முழத்தை வெளியே எடுப்பதில்லை. அங்கே சேற்றுக்கோடு தெரிந்தால் விலை பேச வேண்டாம்.